பல்லாரி ஏறுது, ராக்கெட்டு விழுது

சங்கரம்மாள் கடைக்குப் பருப்பு வாங்கப் போனவர்கள் பருப்போடு மட்டும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சந்திரனுக்கு எத்தனை மைல், அங்கே ஏன் காற்று இல்லை, காற்றே இல்லாத ஊரில் கொடியை எப்படி விரித்து வைத்தார்கள் என்று ஏதாவது ஒன்றை முந்தானையில் முடிந்துதான் அனுப்புவாள். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டின சந்தில் இருந்த அந்தப் பலசரக்குக் கடைக்கு ஊர் வைத்த பெயர் 'ராக்கெட்டுக்காரி கடை'. பெயர்ப்பலகையில் அவள் புருஷன் ராமர் பெயர்தான் எழுதியிருந்தது. எழுதி என்ன செய்ய?

அவளுக்கு இந்த ஞானமெல்லாம் வந்தது பொட்டலம் மடிக்கிற பேப்பரிலிருந்து. பழைய பேப்பரை ராமர் எடைக்கு வாங்கிப் போடுவார். அதில் சீரகமோ சோம்போ மடிப்பதற்கு முன்னால் சங்கரம்மாள் ஒரு தடவை வாசித்துவிடுவாள். அதனால் உலகத்தில் நடப்பதெல்லாம் அவளுக்கு இரண்டு மூன்று மாசம் பிந்தித்தான் நடக்கும். மனுஷன் சந்திரனில் இறங்கினது ஊருக்கு ஆடியில் என்றால் அவளுக்கு ஐப்பசியில். ரேடியோவில் கேட்டிருப்பாள்தான். ஆனாலும் அச்சில் பார்த்தால்தான் அவளுக்கு நடந்த மாதிரி. "ஏளா, எறங்கிட்டானுவ!" என்று அந்த ஐப்பசியில் தெருவையே கூப்பிட்டு, பழைய செய்திக்குப் புதுசாகக் கற்கண்டு கொடுத்தாள். கற்கண்டு பழசு இல்லையே என்று தெருவும் வாங்கித் தின்றது.

கட்சி மேடையில் அவள் ஏறினதும் ஒரு விபத்துதான். நம்மூர்க் கூட்டங்களின் லட்சணம் தெரியாதவர்கள் யார்? ஐந்து மணி என்று நோட்டீஸ் அடித்தால் தலைவர் ஏழுக்கு முன்னால் வரமாட்டார். வருகிற வரைக்கும் கூட்டம் கலையாமல் பிடித்து வைக்க உள்ளூர்ப் பேச்சாளர்கள் வேண்டும். தலைவர் கார் வந்து வெடி போட்டதும், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் 'இதோ வந்துவிட்டார்' என்று சொல்லி மைக்கை விட்டுவிட வேண்டும். அதுதான் அந்த உத்தியோகத்துக்கு இலக்கணம். ஒரு தடவை அப்படிப் பிடித்து வைத்திருந்தவருக்குத் தொண்டை கட்டிப்போய், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கரம்மாளை யாரோ விளையாட்டாக மேலே தள்ளிவிட்டார்கள். அவள் சந்திரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தலைவர் வந்தபோது ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. எழப் பார்த்தவனையும் மறைக்கிறது என்று பின்னால் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தானாம்.

அதற்கப்புறம் அவளுக்கு ஏறுமுகம்தான். எழுபத்தைந்தில் ஆரியபட்டா செயற்கைக்கோள் மேலே போனதே, அந்த வருஷம் அவள் கழுத்தில் விழுந்த மாலையை எல்லாம் சேர்த்தால் சிவன் கோயில் தேருக்கே போதும். 'நம்ம கட்சி, நம்ம ஆட்சி, நம்ம கோள்' என்று அவள் சொன்னால் உப்பளத்து ஆட்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள். பகல் மூன்று மணிக்கு!

பிறகு கட்சி எழுபத்தேழில் தோற்றது. தோற்ற கட்சிக்குக் கூட்டம் ஏது? நோட்டீஸில் அவள் பெயர் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் எங்கே சுவரில் புது நோட்டீஸ் ஒட்டினாலும், பால் வாங்கப் போகிற சாக்கில் அடிவரைக்கும் வாசித்துவிட்டுத்தான் வருவாள். பால் வாங்கி வர அவ்வளவு நேரம் எதற்கு என்று ராமர் கேட்டதில்லை. நல்ல மனுஷன்.

எழுபத்தொன்பது ஜூலையில் அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் மிதக்கவிட்ட ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உடைந்து யார் தலையில் விழுமோ என்று ஊரே அலறினபோது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மவுசு திரும்பி வந்தது. சாகிறதற்கு முன்னால் நன்றாகச் சாப்பிட்டுவிடலாம் என்று தெருவில் நாலு வீட்டில் கோழி அடித்தார்கள். சங்கரம்மாள் வீடு வீடாகப் போய், "பூமியில முக்காவாசி கடலு. ஒன் தலை எம்புட்டு அகலம்? கணக்குப் பாரு" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தாள். தைரியம் சொன்ன வீடுகளிலெல்லாம் கோழிக்குழம்பும் வாங்கிவந்தாள் என்பது தனிச் செய்தி.

ஆகஸ்டில் நம்முடைய சொந்த ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, சில நிமிஷத்தில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ரேடியோ சொன்னதை அவள் நம்பவில்லை. நவம்பரில் கொத்தமல்லி மடிக்க எடுத்த பேப்பரில் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதை இரண்டு தடவை வாசித்தாள். கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் பிச்சம்மாள் வந்து நின்றாள்.

பிச்சம்மாள் எதிர் வரிசை வீட்டுக்காரி. பல்லாரி விலைக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் சங்கரம்மாள்தான். வடக்கே பெரிய வெங்காயம் என்பார்கள்; இங்கே பல்லாரி. பெயர் எதுவானாலும் அந்த வருஷம் அதை உரிக்கும்போது மட்டுமல்ல, வாங்கும்போதே கண்ணீர் வந்தது.

"நேத்து ஒரு விலை, இன்னைக்கு ஒரு விலையா? பதுக்கி வச்சிருக்கியா? சொல்லு, எந்தப் பானையில வச்சிருக்க?"

"நான் என்னத்த பதுக்க? மார்க்கெட்டுல வாங்குத விலைதான்."

"ஒன் புருஷன் மொகத்தப் பாத்தாலே தெரியுது, ஏதோ பதுக்கியிருக்காருன்னு."

ராமர் முகம் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சங்கரம்மாளுக்கு ஏற்கெனவே நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பேப்பரைக் கல்லாவில் அடித்து, "என்னை என்ன செய்யச் சொல்லுத? இது ஒரு ராஜ்யமா? பல்லாரி மேல ஏறுது, ராக்கெட்டு கீழ விழுது!" என்றாள்.

கோபத்தில் வந்த பேச்சு. ஆனால் கடையில் நின்ற நாலு பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பிச்சம்மாள் சண்டைக்கு வந்ததையே மறந்துபோனாள். அந்த வசனத்தைப் பல்லாரியோடு பையில் போட்டுக்கொண்டு போய், குழாயடியில் ஒன்று, மாவு மில்லில் ஒன்று என்று சில்லறையாக விநியோகம் செய்தாள். வாரம் முடியுமுன் டீக்கடைகளில் ஆண்கள் அதைத் தாங்கள் சொன்ன மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி கடைக்கு வந்தார். நகரச் செயலாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தேர்தல் வருகிறது என்று பஞ்சாங்கம் பார்க்காமல் அவர் வேட்டியின் மொடமொடப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜனவரியில் பார்லிமென்டுத் தேர்தல்.

"எம்மா சங்கரம்மா, அந்த வசனம் ஒன் வாயில வந்ததாமே?"

"எந்த வசனம் அண்ணாச்சி?"

"பல்லாரி ஏறுது, ராக்கெட்டு விழுது."

"அது பிச்சம்மா நச்சரிச்சான்னு ஏதோ…"

"ஒன் வாய்க்குச் சக்கரைதான் போடணும். நாங்க கமிட்டி போட்டு யோசிச்சும் இப்படி ஒண்ணு வரல. கரைப் பக்கம் எல்லா ஊருலயும் கூட்டம் போடுதோம். நீதான் பேசுத. கடைசியா இங்கன தூத்துக்குடியில பெரிய கூட்டம். நோட்டீசுல ஒன் பேரு, இந்தா, இம்புட்டு எழுத்துல." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். கருப்பட்டி உருண்டை அளவு இருந்தது.

சங்கரம்மாள் அந்த விரல்களையே பார்த்தாள். "ஒரு கடைக்காரி பல்லாரி விலையைப் பேசுனா சனம் கல்லெடுத்து எறியும் அண்ணாச்சி."

"சிரிக்கவன் எறிய மாட்டான்."

"அப்படின்னா ஆரியபட்டாவையும் சேத்துச் சொல்லுதேன். நம்ம ஆட்சியில மேல போச்சு, இவங்க ஆட்சியில கீழ விழுந்துச்சுன்னு. வரிசையா வருதுல்லா?"

அண்ணாச்சி கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது மேல போனது எந்த வருசம்?"

"எழுவத்தஞ்சு."

"எழுவத்தஞ்சுன்னு சொன்னா சனத்துக்கு என்ன ஞாவகம் வரும்? ஆரியபட்டாவா வரும்?"

 எமர்ஜென்சி என்று சொல்லி அந்த வருஷம் ராத்திரியோடு ராத்திரியாக யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், யார் யார் வாயைப் பொத்தினார்கள் என்பது சங்கரம்மாளுக்கும் தெரியும்.

"அந்த வருசத்தையே நாங்க காலண்டர்லேருந்து கிழிச்சுப் போட்டாச்சும்மா. கூடச் சேந்து அந்த உருண்டையும் போச்சு. என்ன செய்ய? மேல போனதைச் சொல்லாத. கீழ விழுந்ததை மட்டும் சொல்லு. சிரிக்கச் சிரிக்கச் சொல்லு."

அவர் போனதும் ராமர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏளா, அந்த ராக்கெட்டுக்கு ரெண்டு நாளு சோறு எறங்காம கெடந்தவ நீ. இப்பம் அதை வச்சா சிரிப்புக் காட்டப் போற?"

"பேசாம கெடங்க. மேடையில ஏறுனாத்தான அதைப் பத்தி ஏதாவது சொல்ல முடியும்? மொதல்ல ஏறுவோம்."

ராமர் துடைத்த தராசையே மறுபடியும் துடைத்தார். வேறென்ன செய்வார்?

ஏரலில் முதல் கூட்டம். ஆற்றுப் பாசனத்துச் சம்சாரிகள் வேலை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கரம்மாள் ஆரம்பித்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர், "யம்மா, ஒன் கடையில பல்லாரி என்ன விலை?" என்று குரல் கொடுத்தார். "ஒமக்குன்னா ஓசிவே! ஓட்டை மட்டும் எங்களுக்குப் போடும்" என்றாள். கூட்டம் அவள் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் வலது கையை மேலே தூக்கி, "பல்லாரி ஏறுது!" என்றாள். இடது கையை அப்படியே தலைகுப்புறக் கவிழ்த்து, "ராக்கெட்டு விழுது!" என்றாள். விசில் பறந்தது. நாசரேத்தில் வாத்தியார்மார் நிறைய. அவர்கள் விசிலடிக்கவில்லை, குடையைத் தரையில் தட்டிச் சிரித்தார்கள். ராக்கெட்டு விழுகிறதற்கு வாயால் 'சொய்ங்' என்று ஒரு சத்தமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அண்ணாச்சி. அதையும் சேர்த்துக்கொண்டாள்.

சிரிப்புக்கு ஒரு ருசி உண்டு. இல்லையென்று சொல்லக்கூடாது. இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பட்டினி கிடந்தவளுக்கு அது தேனாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாசரேத்திலிருந்து திரும்பின வண்டியில் அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிர் அணிக்காரி, 'அக்காவுக்குத் தொண்டை வலி' என்று எல்லாரிடமும் சொன்னாள். தொண்டையாக இருந்தால் தேவலையே. அந்த 'சொய்ங்' சத்தத்தைப் போடும்போதெல்லாம், பேப்பரில் பார்த்த அந்தப் படம், வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் பொம்மை மாதிரிச் சின்னதாகக் கீழே நிற்க, நெட்டுக்குத்தாக நின்ற ராக்கெட்டின் படம், கண் முன்னால் வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது.

அடுத்தது பெரியதாழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. மீன்பிடி ஊர், வீட்டுக்கு வீடு மூங்கிலில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் டெல்லியில் ஒரு காலத்தில் மந்திரியாக இருந்த பெரியவர் வருவதாக இருந்தது. பெயர் வேண்டாம், நமக்கெதுக்கு வம்பு. நாலு மணிக் கூட்டம். மேடைக்குப் பின்னாலேயே கடல். முன்னால் மணலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வலை காய்ந்துகொண்டிருந்த கம்புகளில் கட்சிக்கொடி கட்டியிருந்தார் கிளைச் செயலாளர் இஞ்ஞாசி. மாஜி மந்திரி வர ஐந்தரை ஆகும் என்று ஆள் வந்து சொன்னான். சங்கரம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

பல்லாரியில் ஆரம்பித்தாள். பெண்கள் தலையை ஆட்டினார்கள். சர்க்கரை, மண்ணெண்ணெய் என்று போனாள். நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் வலது கை மேலே போயிற்று.

"பல்லாரி ஏறுது!"

கைதட்டல். இடது கை கவிழ்ந்தது.

"ராக்கெட்டு கடல்ல விழுது! சொய்ங்!"

ஒரு ஆள் சிரிக்கவில்லை.

மேடையில் அண்ணாச்சி மட்டும் 'ஹெஹ்ஹே' என்று சிரித்து, துணைக்கு ஆள் இல்லாததால் இருமலாக மாற்றிக்கொண்டார். கீழே முந்நூறு நானூறு முகமும் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோபம் இல்லை. காத்துக்கொண்டிருக்கிற முகங்கள். கொடி படபடக்கிற சத்தம் மைக்கில் கேட்டது.

பெண்கள் பக்கம் நடுவிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். அந்தோணியம்மாள் என்று பிறகு பெயர் தெரிந்தது. மீன் விற்கிறவள், மைக் இல்லாமலே அந்தக் கரை முழுக்கக் கேட்கும் குரல்.

"யம்மா, அதுல ஆளு இருந்தாவளா?"

சங்கரம்மாளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "எதுலம்மா?"

"கடல்ல விழுந்துச்சுன்னு சொல்லுதியல்லா, அதுல. எத்தனை பேரு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நாள் ஏரலிலும் நாசரேத்திலும் அவள் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இங்கே கடலில் விழுந்தது என்று ஒருத்தர் சொன்னால், அடுத்தவர் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அதற்குப் பதில் வருகிற வரைக்கும் இந்த ஊரில் யாரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். சிரிப்பாவது!

"யாரும் இல்லம்மா," என்றாள்.  "ஆளில்லாத ராக்கெட்டு. ஒரு உயிருக்கும் சேதமில்ல."

மணல் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. நாலைந்து பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"மாதாவுக்குத் தோத்திரம்," என்றாள் அந்தோணியம்மாள். உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "பொறவு அதைச் செஞ்சவன் எல்லாம் என்ன ஆனான்? விட்டுட்டானா?"

"விடல. அடுத்ததைச் செஞ்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்பம் சரி. அதுக்கு எதுக்குச் சிரிக்கச் சொல்லுதிய?"

அண்ணாச்சி பின்னாலிருந்து, "பல்லாரி… பல்லாரிக்கு வா" என்று பல்லுக்குள் பேசினார். சங்கரம்மாளுக்குக் காது கேட்டது. கேட்கிற காது அது. எதிர் வரிசையில் பிச்சம்மாள் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் கேட்கும். ஆனாலும் திரும்பவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தப்புத்தான்மா. சிரிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. அது என்ன சாமானு, எப்படி விழுந்துச்சுன்னு சொல்லுதேன், கேளுங்க."

பிறகு அவள் பேசினதைத்தான் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். கொஞ்சம் கூட்டியும் சொல்கிறார்கள். நாலு அடுக்கு என்றாள். கீழ் அடுக்கு எரிந்து முடித்தால் கழன்று விழும், அடுத்தது பற்றிக்கொள்ளும் என்றாள். "மொத அடுக்கு சொன்ன சொல்லு தப்பாம வேலை பாத்துச்சு. ரெண்டாவது அடுக்குல சுக்கான் கேக்கல. சுக்கான் கேக்காத வள்ளம் எங்கன போவும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" ஆண்கள் பக்கத்தில் தலைகள் அசைந்தன. "எழுவத்தஞ்சுல…" என்றதும் அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுவத்தஞ்சுல நம்ம கோளு ஒண்ணு மேல போச்சு. சரக்கு நம்மளது. ஆனா கப்பல் ரஷ்யாக்காரனோடது. அவன் கப்பல்ல எடம் கேட்டு ஏத்தி அனுப்புனோம். இப்பம் விழுந்துச்சே, இது நம்ம சொந்தக் கப்பல். தூத்துக்குடியிலேருந்து வெள்ளைக்காரனுக்கு எதிராச் சொந்தக் கப்பல் விட்டாங்களே, அந்தக் கம்பெனி நின்னுச்சா? நொடிச்சுப் போச்சு. கப்பலையும் வித்தாச்சு. அதுக்காக நம்ம சீமையில ஒருத்தன், ஒரே ஒருத்தன், இன்னைக்கு வரைக்கும் சிரிச்சிருக்கானா?"

அப்போதுதான் தெற்கே வெடிச் சத்தம் கேட்டது. மாஜி மந்திரியின் கார். அவர் நேரத்துக்கு வந்துவிட்டார், அது ஒரு கிரகசாரம். கிளைச் செயலாளர் இஞ்ஞாசி மாலையோடு ஓடினார். அண்ணாச்சி எழுந்து, "இதோ வந்துவிட்டார்னு சொல்லு! சொல்லும்மா!" என்று சங்கரம்மாளின் முதுகுக்குப் பின்னால் கையைப் பிசைந்தார்.

அவள் சொல்லவில்லை. "மேல போனப்பம் எங்க ஆளுங்க மாலை போட்டுக்கிட்டாங்க," என்று தொடர்ந்தாள். "விழுந்தப்பம் ஆட்சியில இருந்த இவங்க ஆளுங்க டெல்லியில யாரு நாற்காலி, யாரு முக்காலின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. விழுந்ததைக் குனிஞ்சு பாக்கக்கூட ஒருத்தனுக்கு நேரமில்ல. மேலயும் அண்ணாந்து பாக்கல. அந்தச் சாமானைச் செஞ்சவங்க மட்டும் அங்கன ஒக்காந்து, எந்த வால்வு, எந்தக் கொழாயின்னு ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு ஓட்டும் வேண்டாம், மாலையும் வேண்டாம்."

மாஜி மந்திரி மேடைப் படியில் வந்து நின்றுவிட்டார், மாலையும் கழுத்துமாக. கூட்டத்தில் பாதிப் பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார்கள். ஐம்பது வருஷ அரசியலில் அவருக்கு அது புதுசாக இருந்திருக்கும். சங்கரம்மாள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு. ஒக்காருங்க."

அண்ணாச்சிக்கு வேட்டியின் மொடமொடப்பே போய்விட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெரியவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த அண்ணாச்சியிடம் குனிந்து, "இந்த அம்மா எதைப் பத்திப் பேசுது?" என்று கேட்டார்.

"ராக்கெட்டுங்கய்யா."

"இங்க அதுக்கு ஓட்டு இருக்கா?"

"இல்லைங்கய்யா."

பெரியவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. மழை எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டவர் மாதிரி மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தோணியம்மாள் மறுபடி எழுந்தாள். "அடுத்தது எப்பம் விடுவாவ?"

"தெரியலம்மா. விட்டாலும் எனக்குச் சேதி வந்து சேர ரெண்டு மூணு மாசம் ஆவும். பொட்டலம் கட்டுத பேப்பர்லதான வாசிக்கேன்."

இப்போது சிரித்தார்கள். ஆண்கள், பெண்கள், வலைக்கம்பில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும். ஏரலில் கிடைத்த சிரிப்பில்லை இது. சங்கரம்மாளும் சிரித்துவிட்டு மைக்கை விட்டாள். பெரியவர் எழுந்து பல்லாரியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதற்கும் நன்றாகக் கைதட்டினார்கள். அதிலொன்றும் குறையில்லை. ஓட்டு என்பது வேறு விஷயம். அது பல்லாரியோடுதான் போகும் என்று சங்கரம்மாளுக்கும் தெரியும். ஆனால் கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து அவளைத்தான் சுற்றி நின்றார்கள். அந்தோணியம்மாள் ஓலைப்பெட்டியில் கருவாடு கட்டிக்கொடுத்தாள். "நல்லாச் சொன்னிய. ஆனா அந்த 'சொய்ங்' வேண்டாம், என்ன?"

"வேண்டாம்மா."

திரும்புகிற வண்டியில் அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்.  திருச்செந்தூர் தாண்டினதும் திரும்பாமலே, "ஒரு வார்த்தை, 'இதோ வந்துவிட்டார்'னு சொல்லியிருந்தா போதும்" என்றார்.

"பாதியில விட முடியல அண்ணாச்சி."

"ஒரு தடவைதான் சிரிச்சிட்டுப் போகச் சொன்னேன். ராக்கெட்டுக்கு வலிக்கவா போவுது?"

"ராக்கெட்டுக்கு வலிக்காது. எனக்கு வலிச்சுது."

"தூத்துக்குடிக் கூட்டத்துக்கு நோட்டீசு இன்னும் அச்சுக்குப் போகல, தெரியும்லா?"

"தெரியும்."

அவள் ஒரு வார்த்தை இறங்கி வந்திருந்தால் போதும், அண்ணாச்சி விட்டுக்கொடுத்திருப்பார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அவள் கருவாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள்.

நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றைக்குப் பால் வாங்கப் போனவள் சுவர்ப் பக்கம் நிற்காமலே வந்துவிட்டாள். ராமர்தான் போய் அடிவரைக்கும் வாசித்தார். அவள் பெயர் இல்லை. அவள் இடத்தில் புதுசாக ஒரு வக்கீல்.

பெரிய கூட்டத்தன்று சாயங்காலம் கடைகளெல்லாம் சீக்கிரம் சாத்திவிட்டார்கள். சங்கரம்மாள் சாத்தவில்லை. தெருமுனைக் கம்பத்தில் கட்டின குழாய் ஒலிபெருக்கி அவள் கடையைப் பார்த்தே வாயைத் திறந்து வைத்திருந்தது. பிச்சம்மாள் கூட்டத்துக்குப் போகிற வழியில் குழம்புக்குப் பல்லாரி வாங்க நுழைந்தாள். சங்கரம்மாள் தராசுத் தட்டில் பல்லாரியைப் போட்டுக்கொண்டிருந்தபோது வக்கீலின் குரல் வந்தது:

"பல்லாரி ஏறுது! ராக்கெட்டு விழுது!"

மைதானம் அதிர்ந்தது. ராமர் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பிச்சம்மாள் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்தினாள். "ஏளா, அது ஒன் வசனம்லா? ஒம்பேரு சொல்லாம சொல்லுதான் பாரேன்."

"வித்த சரக்கு," என்றாள் சங்கரம்மாள். "திரும்ப வாங்குததில்ல."

"ஒனக்கு வருத்தமா இல்லயா? அம்புட்டுச் சனமும் ஒம் பேச்சுக்குக் கைதட்டுது, நீ இங்கன நின்னு பல்லாரி நிறுத்துக்கிட்டு இருக்க."

 சங்கரம்மாள் தராசை அப்படியே கொக்கியில் தொங்கவிட்டாள், பல்லாரி ஒரு தட்டில் கிடக்க. "விழுந்துச்சுன்னு சொல்லுதான்லா அந்த வக்கீலு. எப்படி விழுந்துச்சுன்னு சொன்னானா?"

"எனக்கெதுக்குட்டி அது? அடுப்புல சட்டி காயுது, பல்லாரியைப் பையில போடு."

"காயட்டும்."

கல்லாவில் அரிசி அளக்கிற படியைக் கவிழ்த்து வைத்தாள். அதன் மேல் அரைப்படி. அதன் மேல் உழக்கு. உச்சியில் ஆழாக்கு. நாலு அடுக்கும் பித்தளையில் மினுங்கிக்கொண்டு நெட்டுக்குத்தாக நின்றது. வெளியே வக்கீல் 'சொய்ங்' என்று சத்தம் போட்டார். மறுபடி மைதானம் சிரித்தது. சங்கரம்மாள் மேலே இருந்த மூன்றையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த படியை மெல்ல உருவினாள்.

"இது எரிஞ்சு முடிஞ்சு கழண்டாச்சு. ஒரு குறையில்ல. இப்பம் இது பத்துது." அரைப்படியைத் தொட்டாள். "இங்கனதான் சுக்கான் கேக்கல."

பிச்சம்மாள் சட்டியை மறந்து குனிந்து பார்த்தாள். "இந்த உச்சியில இருக்கது?"

"அதுலதான் நம்ம சாமானு இருந்துச்சு."

"எம்புட்டுக் கனம்?"

சங்கரம்மாள் ராமர் நின்ற பக்கம் கையைக் காட்டினாள். "அந்த அரிசி மூட்டையில பாதி."

"ப்பூ, இம்புட்டுத்தானா?" என்றாள் பிச்சம்மாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மூட்டையைப் பார்த்தாள், கடையின் ஓட்டுக்கூரையைப் பார்த்தாள், வாசல் பக்கம் நகர்ந்து அதற்கும் மேலே பார்த்தாள்.

"அதையா நம்ம ஆளுக அம்புட்டு ஒசரத்துக்குக் கொண்டுபோகப் பாத்தாவ?"